வில்லியனூரிலும் பாகூரிலும் ஒரு கலோரி நோட்டு

புதுச்சேரி என்றதும் நம்மில் பெரும்பாலோருக்குக் கடற்கரையும் மணக்குள விநாயகரும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்தப் பட்டணத்தைத் தாண்டினால் வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று ஐந்து கொம்யூன்கள் இருக்கின்றன. கொம்யூன் என்பது பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வார்த்தை. 1954-ல் அவர்கள் ஆட்சி கைமாறிய பிறகும் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்ற பெயர்ப்பலகை அங்கே இன்றும் இருக்கிறது. வயல், ஏரி, தென்னை, கோயில், மாட்டுக் கொட்டகை எல்லாம் நம் கிராமங்களைப் போலத்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் உலகத்துக்கே கொடுத்த இன்னொரு வார்த்தை 'கலோரி'. சென்ற புரட்டாசியில் அந்தக் கலோரிக் கணக்கு நோட்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டுதான் விழுப்புரத்திலிருந்து வில்லியனூருக்குப் பாசஞ்சர் ரயில் ஏறினேன். வில்லியனூரில் என் அக்கா இருக்கிறாள். பாகூரில் சித்தி இருக்கிறாள். இரண்டு வீட்டிலுமாகப் பதினைந்து நாள் தங்கினேன். அந்தப் பதினைந்து நாளில் தெரிந்துகொண்டது நம் சகோதரிகளுக்கும் உபயோகப்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் அதிகம் படித்தவள் அல்ல. பள்ளிக்கூடப் படிப்போடு சரி. ஆனால் ஒரு வருஷமாக என் சாப்பாட்டுக்குக் கணக்கு எழுதி, 72 கிலோவிலிருந்து 65 கிலோவுக்கு வந்திருக்கிறேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் அக்கா கூப்பிட்டாள். "எனக்குச் சர்க்கரை பார்டர்ல இருக்காம். நாலஞ்சு கிலோ குறைச்சாலே நல்லதுன்னு நர்சம்மா சொல்றாங்க. நீ வந்து அந்தக் கணக்கை எனக்கும் சொல்லிக் குடுடி" என்றாள்.

கலோரி என்றால் என்ன?

பலர் கலோரி என்பதை ஏதோ உணவுக்குள் இருக்கும் ஒரு பொருள் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை, அது ஓர் அளவு. துணிக்கு மீட்டர், பாலுக்கு லிட்டர் மாதிரி சூட்டுக்குக் கலோரி. ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி ஏற்ற எவ்வளவு சூடு வேண்டுமோ, அதுதான் சாப்பாட்டுக் கணக்கில் ஒரு கலோரி. ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. அதாவது ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கக்கூடிய சூடு அந்த ஒரு கரண்டியில் இருக்கிறது! இதைச் சொன்னபோது அக்கா எண்ணெய்த் தூக்கை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

நம் உடம்பும் ஓர் அடுப்புதான் என்று முதலில் அளந்து காட்டியவர் லவாய்சியே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. 1780-களில், லாப்லாஸ் என்பவருடன் சேர்ந்து, கினிப்பன்றி என்னும் சிறு பிராணியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்து, அதன் உடம்புச் சூட்டில் எவ்வளவு பனிக்கட்டி உருகுகிறது என்று பார்த்தார். கலோரி என்ற அளவை 1820 வாக்கில் பாரிஸில் தம் வகுப்புகளில் சொல்லிக் கொடுத்தவர் நிக்கோலா கிளமான். பிறகு அமெரிக்காவில் ஆட்வாட்டர் என்பவர் மாவுச்சத்தும் புரதமும் ஒரு கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். இன்றும் அந்தக் கணக்குதான் பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கிறது.

நம் இட்லிக்கும் சாம்பாருக்கும் வெள்ளைக்காரர் அட்டவணை எப்படி உதவும் என்று கேட்பீர்கள். அதற்கு நம் நீலகிரியில் உள்ள குன்னூருக்கு நன்றி சொல்ல வேண்டும். அங்கே இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் அய்க்ராய்ட் என்பவர் 1937-ல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை வெளியிட்டார். அந்த ஆராய்ச்சிக்கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய்ப் பின்னால் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. டாக்டர் கோபாலன் முதலானோர் 1971-ல் அந்த அட்டவணையை விரிவாக்கினார்கள். 2017-ல் 528 உணவுப் பொருள்களுக்குப் புதிதாக அளந்து மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். அரிசி, கேழ்வரகு, முருங்கைக்கீரை, வேர்க்கடலை எல்லாம் அதில் உண்டு. என் நோட்டில் இருப்பதும் அந்த அட்டவணையிலிருந்து எடுத்து எழுதிக்கொண்டதுதான்.

வில்லியனூர் அடுப்படி

வில்லியனூர் பார்க்க வேண்டிய ஊர். திருக்காமீஸ்வரர் கோயிலுக்குப் போய்க் கோகிலாம்பாளைத் தரிசித்துவிட்டு, பெரிய குளத்தங்கரையில் சற்று உட்கார்ந்தால் மனசு லேசாகும். தேர்த் திருவிழாவின்போது கவர்னரும் முதலமைச்சரும் வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வரும் வழக்கம் என்று சொல்கிறார்கள். சற்றுத் தள்ளி லூர்து மாதா கோயில். அங்கே எல்லா மதத்தாரும் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

அக்கா வீடு கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில்தான். ஆனால் அக்கா நடப்பதில்லை. மகன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறான். வீட்டில் மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், குழாய்த் தண்ணீர் எல்லாம் வந்துவிட்டன. "நான் கல்யாணமாகி வந்த புதுசுல இதே வீட்டுல நாலு படி மாவு ஆட்டுவேன். கிணத்துல இருபது குடம் இறைப்பேன்" என்றாள் அக்கா. வேலை போனது நல்லதுதான். அந்தக் கஷ்டம் திரும்ப வர வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டோம். ஆனால் அன்றைக்கு இருபது குடம் இறைத்தவள் சாப்பிட்ட அதே நாலு இட்லியும் அதே கும்பல் சோறும் இன்றைக்கும் தட்டில் விழுகின்றனவே!

2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில் புதுச்சேரிப் பெண்களில் நூற்றுக்கு 46 பேர் அளவுக்கு மேல் எடையுள்ளவர்கள் என்று வந்திருக்கிறது. இந்தியா முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 24 பேர்தான். ஆகவே அக்காவின் பிரச்னை அக்கா ஒருத்தியின் பிரச்னை அல்ல.

முதல் மூன்று நாள் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. வழக்கம்போல் சாப்பிடச் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டு மட்டும் வந்தேன். கடையில் வாங்கிய ஒரு சிறு தராசும் கையில் இருந்தது. "என்னடி இது, சோத்தைத் தராசுல போடறே? லட்சுமி கோவிச்சுக்கப் போறா!" என்று அக்கா சிரித்தாள். அவளுடைய ஒரு நாள் கணக்கு ஏறக்குறைய இப்படி வந்தது:

காலைக் காப்பி, இரண்டு கரண்டி சர்க்கரையுடன்: 110
இட்லி நாலு, தேங்காய்ச் சட்னி: 330
பதினோரு மணி டீ, இரண்டு பிஸ்கட்: 145
மதியம் சோறு, சாம்பார், பொரியல், அப்பளம், மோர்: 840
நாலு மணி டீ, ஒரு வடை: 175
ராத்திரி தோசை மூன்று, சட்னி: 470

கூட்டினால் 2,070. "இவ்வளவுதானே?" என்றாள் அக்கா. இல்லை. எழுதாமல் விட்டது ஒன்று இருந்தது. பேரன் தட்டில் வைத்த முக்கால் தோசை, மகன் அவசரத்தில் விட்டுப்போன ஒரு பூரி, பாத்திரம் கழுவுமுன் வழித்துப் போட்டுக்கொண்ட ஒரு பிடி தயிர்சாதம். மூன்று நாளும் நின்றுகொண்டே, தட்டில்லாமல், கணக்கில்லாமல் போன சாப்பாடு. அது மட்டும் தினம் 200 கலோரிக்குக் குறையவில்லை.

"வீணாக்கலாமா? அன்னமாச்சே" என்றாள். எந்த வீட்டு அம்மாவும் சொல்வதுதான் இது. சகோதரிகளே, ஒரு வேளை யோசித்துப் பாருங்கள். நம் வீட்டில் கடைசி தோசை யாருடையது? மீந்த குழம்பு யாருடையது?

மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி, 55 கிலோ எடையுள்ள, அதிகம் உடம்பு வேலை இல்லாத பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,660 கலோரி போதும். அக்கா எடை 68 கிலோ என்பதால் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். அப்படியும் 2,270 அவளுக்கு ஜாஸ்திதான்.

குறைத்தது எப்படி?

அக்காவைப் பட்டினி போடவில்லை. கணக்கில் கண்ணுக்குத் தெரிந்த இடங்களில் மட்டும் கை வைத்தோம்.

முதலாவது எண்ணெய். அந்த வீட்டில் ஐந்து பேருக்கு மாதம் ஐந்து லிட்டர் செலவாகிக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி, அதாவது எண்ணெயில் மட்டும் சுமார் 300 கலோரி. ஒவ்வொரு கரண்டியையும் எண்ண வேண்டாம், மாதப் பட்டியலில் மூன்றரை லிட்டர் என்று எழுதிவிடு என்றேன். வாங்கியது தீர்ந்தால் அடுத்த மாதம்தான். இது மிகவும் சுலபமான வழி. வீட்டில் எல்லோருக்குமே நல்லது.

இரண்டாவது அரிசி. அக்கா அளப்பது எவர்சில்வர் ஆழாக்கில். தலை தட்டி அளந்தபோது 140 கிராமும், அவள் வழக்கப்படி கோபுரமாக அளந்தபோது 165 கிராமும் தராசில் காட்டியது. ஒரே ஆழாக்குதான், ஆனால் கோபுரத்தில் மட்டும் 85 கலோரி! இனித் தலை தட்டித்தான் அளப்பது என்று தீர்மானம் ஆயிற்று. அவள் பங்குக்கு 150 கிராம் அரிசிச் சோறு 100 கிராமாக ஆயிற்று. அந்த இடத்தில் கீரைக் கூட்டு ஒரு கிண்ணம் கூடுதலாக வந்தது.

மூன்றாவது டீ, காப்பி. சர்க்கரை ஒரு சிறு கரண்டி என்றால் 20 கலோரி. மூன்று வேளைக்கு ஆறு கரண்டி போட்ட இடத்தில் மூன்று. ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி, கோபம். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும்.

நாலாவது வடை. ஒரு வடை 100 கலோரிக்கு அருகில். அதைச் செலவழிக்க அரை மணி நேரம் நல்ல வேகத்தில் நடக்க வேண்டும். இது தெரிந்தபின் அக்காவே, "வெள்ளிக்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டாள். நவராத்திரி சமயமானதால் மற்ற நாளில் எண்ணெய் குறைத்துத் தாளித்த சுண்டல் இருந்தது. வயிறும் நிரம்பும், புரதமும் கிடைக்கும்.

ஐந்தாவது ராத்திரி தோசை மூன்று இரண்டானது. ஆறாவது மிச்சம். பேரனுக்கு முதலில் அரைத் தோசை வைத்து, கேட்டால் மறுபடி வைப்பது. மீந்ததை மூடி வைத்து மறுநாள் உபயோகிப்பது, இல்லாவிட்டால் பசுவுக்கு. அக்கா வயிறு குப்பைத்தொட்டி அல்ல என்று மகனே சொன்னான்.

அளவுக்கு ஒரு பாத்திரம் வேண்டுமே என்று கணுவாப்பேட்டைக்குப் போனோம். வில்லியனூர் சுடுமண் வேலைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இந்தப் பக்கத்துச் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமி 2020-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். குதிரையும் பிள்ளையாரும் பார்க்க அழகாயிருந்தாலும், நாங்கள் வாங்கியது ஒரு சின்ன மண் கிண்ணம். அக்காவின் சோற்றுக்கு அதுவே அளவு. ஒரு தடவை தராசில் பார்த்து வைத்துக்கொண்டால் போதும். தினம் தராசைத் தூக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சேர்ந்து அக்கா கணக்கு 1,600-க்கு வந்தது. சாயங்காலம் கோயிலைச் சுற்றி நாற்பது நிமிஷ நடையும் சேர்ந்தது.

மருமகளின் இரண்டு இட்லி

இந்தக் கணக்கெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அக்காவின் மருமகள் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கைக்குழந்தைக்கு நாலு மாதம். ஆறாம் நாள் காலையில் துணி உலர்த்தப் போனவள் தலை சுற்றுகிறது என்று படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு, "ரெண்டு இட்லி, சின்ன அத்தை. ராத்திரி ஒண்ணும் வேண்டாம்னு பால் மட்டும் குடிச்சேன். பிரசவத்துக்கு அப்புறம் பதினொரு கிலோ ஏறி இருக்கு. பழைய பிளவுஸ் ஒண்ணும் போட முடியல. எங்க வீட்டு விசேஷத்துல எல்லாரும் கேலி பண்றாங்க" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அவள் முந்தின நாள் சாப்பிட்டதை எழுதிப் பார்த்தேன். 1,100 கலோரி கூட வரவில்லை. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கமான தேவைக்கு மேலே இன்னும் 600 கலோரி வேண்டும், அடுத்த ஆறு மாதம் 520 வேண்டும் என்று அதே அட்டவணை சொல்கிறது. கர்ப்பிணிக்கு 350 கூடுதல். அதாவது இவளுக்கு 2,200-க்கு மேல் வேண்டிய இடத்தில் பாதிதான் போய்க்கொண்டிருந்தது. அக்காவின் கணக்குத் தாளைப் பார்த்து, அதிலும் பாதியாக்கித் தனக்கு வைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம்!

அன்றைக்கே அவளையும் குழந்தையையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு போனோம். குழந்தை எடை சரியாகவே இருந்தது. தாய்க்குத்தான் ரத்தம் குறைவு. தாய் தன் உடம்பிலிருந்து எடுத்தாவது பிள்ளைக்குப் பால் கொடுத்துவிடுவாள், அதனால் குழந்தை நன்றாயிருப்பதைப் பார்த்துத் தாயை மறந்துவிடக் கூடாது என்று அங்கே சொன்னார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். கீரை, பருப்பு, முட்டை, பழம் மூன்று வேளையும் சாப்பிட வேண்டும் என்றும், எடையை இறக்க அவசரமில்லை, பால் கொடுப்பதிலேயே மெதுவாக இறங்கும் என்றும் தைரியம் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா முதலில் செய்தது, மருமகளுக்குத் தன் கையால் தட்டு வைத்துப் பரிமாறியது. "கேலி பண்ணினா என்கிட்ட அனுப்பு. நான் பேசிக்கறேன்" என்றாள். எந்த மாத்திரையையும்விட அந்தப் பெண்ணுக்கு அதுதான் தெம்பு கொடுத்திருக்கும்.

இளம் தாய்மார்கள் இதைக் கட்டாயம் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் டாக்டரைக் கேட்காமல் கலோரி குறைக்கவே கூடாது.

பாகூர் வயல்

பிறகு பாகூருக்குப் போனேன். வில்லியனூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பஸ்ஸில் போகலாம். வழியில் சில ஊர்கள் தமிழ்நாடு, சில ஊர்கள் புதுச்சேரி என்று மாறி மாறி வரும். பாகூர் பக்கம் நெருங்கினதும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்ற பெயர் சும்மா வரவில்லை.

பாகூர் ஏரி பெரிய ஏரி. தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. பங்காரி, சிங்காரி என்று இரண்டு சகோதரிகள் வெட்டுவித்த வாய்க்கால் என்று ஊரில் கதை சொல்கிறார்கள். கதையோ நிஜமோ, இவ்வளவு பேருக்குச் சோறு போடும் வாய்க்காலுக்குப் பெண்கள் பெயர் வந்தது சந்தோஷம்தான். மூலநாதர் கோயிலில் சோழர் காலத்துச் சின்னச் சின்னச் சிற்பங்கள் இருக்கின்றன. பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், இங்கிருந்த கல்விச் சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததாகப் பாகூர் செப்பேடுகள் சொல்கின்றன. அப்போதே படிப்புக்குப் பேர் போன ஊர்.

சித்திக்கு ஐம்பத்தைந்து வயசு. எடை 46 கிலோ. சம்பா நடவு நேரமானதால் விடிகாலையில் போய்விட்டு மத்தியானத்துக்கு மேல்தான் வருவாள். ஒரு நாள் நானும் வரப்பில் போய் நின்றேன். முழங்கால் சேற்றில் இடுப்பை வளைத்து, பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகப் பின்னோக்கி நகர்ந்து நட்டுக்கொண்டே போகிறார்கள். பத்து நிமிஷம் நான் அப்படிக் குனிந்து பார்த்தேன். இடுப்பு விட்டுப்போய்விட்டது. "பட்டணத்து உடம்பு!" என்று அவர்கள் சிரித்தார்கள்.

என் நோட்டைப் பார்த்துச் சித்தி, "எனக்கும் எழுதேன், பாக்கலாம்" என்றாள். எழுதினேன். காலையில் மோர் ஊற்றிய பழைய சோறும் வெங்காயமும் 280. வயலில் டீ 75. மதியம் சோறும் குழம்பும் 600. சாயங்காலம் டீ 75. ராத்திரி, சித்தப்பாவும் பிள்ளைகளும் சாப்பிட்டபின் பானையில் இருந்த சோறும் ரசமும் 370. மொத்தம் 1,400.

வில்லியனூரில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு 2,270. பாகூரில் சேற்றில் நிற்கும் சித்திக்கு 1,400! கடினமாக உழைக்கும் 55 கிலோ பெண்ணுக்கு 2,720 கலோரி வேண்டும் என்கிறது அட்டவணை. சித்தி எடை குறைந்தவள் என்று கழித்துப் பார்த்தாலும் 2,200-க்குக் குறையாது. கால் வலி, மயக்கம், கை நடுக்கம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததற்கு வயசு மட்டும் காரணம் அல்ல என்று தெரிந்தது.

முன்பு சொன்ன அதே தேசிய ஆய்வில், இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 19 பேர் அளவுக்கு மேல் மெலிந்தவர்கள் என்றும் இருக்கிறது. எடை குறைப்பதைப் பற்றியே எல்லோரும் பேசும்போது இவர்கள் ஞாபகம் வருவதில்லை.

சித்திக்குக் கூட்டியது எல்லாம் பாகூரில் கிடைப்பதுதான். வயலுக்குப் போகுமுன் நூறு கிராம் கேழ்வரகு மாவில் கூழ், அது 330 வரை. டீயோடு ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, அது 160. ஒரு முட்டை, ஒரு வாழைப்பழம், இரண்டும் சேர்ந்து 180. ராத்திரி பானையைப் பார்க்காமல், எல்லோருக்கும் வைக்கும்போதே தனக்கும் ஒரு தட்டில் எடுத்து மூடி வைப்பது. கடைசியில் சொன்னதற்குத்தான் சித்தி தயங்கினாள். "அவங்க சாப்பிடறதுக்கு முன்னாடி எனக்கு எடுத்து வெக்கிறதா? பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள். சித்தப்பா திண்ணையிலிருந்து, "என்ன நினைக்கப் போறேன்? எடுத்து வையேன்" என்றார். முப்பது வருஷத்தில் யாரும் அவரைக் கேட்டதில்லை, அவ்வளவுதான்!

இரண்டு வீட்டிலும் ஒரே கதை

பாகூரில் ராத்திரி நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. அக்கா பருத்ததும் மிச்சத்தால்தான், சித்தி மெலிந்ததும் மிச்சத்தால்தான். வசதியான வீட்டில் மிச்சம் நிறைய இருந்தது, அக்கா சாப்பிட்டாள். சிக்கனமான வீட்டில் மிச்சம் கொஞ்சம் இருந்தது, சித்தி அதோடு நிறுத்திக்கொண்டாள். மருமகளோ தன் பங்கைத் தானே குறைத்துக்கொண்டாள். மூன்று பேருக்கும் 'இது உன் பங்கு' என்று ஒரு தட்டு வைக்கப்படவில்லை. கலோரி எண்ணுவதில் எனக்குத் தெரிந்த பெரிய பிரயோஜனம் இதுதான். பெண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு, அதற்கு ஓர் அளவு உண்டு என்று அது காட்டிவிடுகிறது. கூட இருந்தாலும் காட்டும், குறைந்தாலும் காட்டும்.

எண்ண நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்:

1. எடை குறைக்க வேண்டுமா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் கவனம் வேண்டும். எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் எழுதி, உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வரும் எண் 23-ஐத் தாண்டினால் நமக்கு எடை அதிகம்.

2. முதல் மூன்று நாள் குறைக்காமல் எழுதுங்கள். ருசி பார்த்தது, குழந்தை வைத்தது, நின்றுகொண்டு தின்றது எல்லாம் எழுத வேண்டும்.

3. இரண்டு மூன்று வாரம் எண்ணினால் கண்ணும் கையும் அளவு பழகிவிடும். பிறகு ஆயுள் முழுக்க எண்ண வேண்டாம். மாதம் ஒரு தரம் சரிபார்த்தால் போதும்.

4. கலோரி மட்டும் பார்த்தால் போதாது. நாலு பிஸ்கட்டும் ஒரு கிண்ணம் சுண்டலும் ஏறக்குறைய ஒரே கலோரியாக இருக்கலாம். சுண்டல் பசி தாங்கும், பிஸ்கட் தாங்காது. கீரை, பருப்பு, மோர், காய் இவற்றில் கை வைக்காதீர்கள்.

5. ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. ஆகவே வாரத்தில் மூன்று கிலோ குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாரத்துக்குக் கால் கிலோ, அரைக் கிலோ நியாயமான வேகம்.

6. டாக்டர் சொல்லாமல் 1,200 கலோரிக்குக் கீழே போகாதீர்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. மயக்கம் வரும்.

7. வளரும் பெண் குழந்தைகள் எதிரில் 'நான் குண்டு, நீ குண்டு' என்று பேசாதீர்கள். அவர்கள் தட்டில் கலோரி எண்ணாதீர்கள்.

மூன்று மாதம் கழித்து அக்கா போன் பண்ணினாள். மூன்று கிலோ இறங்கியிருக்கிறது, சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மருமகள் நன்றாகச் சாப்பிடுகிறாள், ரத்தமும் ஏறியிருக்கிறது. சித்தி ஒன்றரை கிலோ ஏறி, "இப்ப நடவுல முன்னைப்போல மூச்சு வாங்கல" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஒரே நோட்டு, மூன்று பேருக்கு மூன்று கணக்கு.

புதுச்சேரிப் பக்கம் போனால் கடற்கரையோடு திரும்பிவிடாமல் வில்லியனூர், பாகூர் வரை போய்வாருங்கள். அதற்கு முன்னால் இன்றைக்கு ராத்திரி, எல்லோருக்கும் பரிமாறும்போதே உங்களுக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.